நடு வால்வு

கணபதியில அப்ப எனக்கு ரெண்டு லேத்து.
பம்பு ஷாஃப்ட்டு, புஷ்ஷு, இம்பெல்லர் துளை.
சங்கீதம்னா
டூல் மழுங்கினா வர்ற கீச்சு ஒண்ணுதானுங்க தெரியும்.

போத்தனூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி
மோரின் டிமான்டி வந்தாங்க.
அறுபத்தாறு வயசு, பூப்போட்ட கவுனு,
கையில ஒரு கறுப்புப் பெட்டி.
திறந்தா, எண்ணெய்ப் புனலைப் புடிச்சு
முறுக்கி வச்சாட்ட ஒரு ட்ரம்பெட்டு.
"நடு வால்வுல காத்து ஒழுகுது, மிஸ்டர் மாரப்பன்.
எழுபத்தொண்ணுல ஜோலார்பேட்டை பிளாட்பாரத்துல விழுந்தது."

மைக்ரோமீட்டர் வச்சுப் பாத்தேன்.
நாப்பது மைக்ரான் தேய்மானம்.
இப்படி ஒரு பம்பு இருந்தா
சொட்டுத் தண்ணி மேல ஏறாது.
இதை வச்சா இத்தனை வருசம் ஊதினீங்க?

கடைசல் முடியற வரைக்கும் ஸ்டூல்ல உக்காந்து பேசினாங்க,
முன்னுக்குப் பின்னாத்தான்.
அப்பா கரி இன்ஜின் ஓட்டினவர்.
ரயில்வே இன்ஸ்டிடியூட்ல ஒரு கிறிஸ்துமஸ் டான்ஸ்,
ட்ரம்பெட்டுக்காரன் போதையில சாஞ்சுட்டான்,
பதினாறு வயசுப் புள்ள ஏறி நின்னு ஊதுச்சு.
அப்பறம் பெங்களூர் ஓட்டல்ல ஆறு வருசம்.
கன்னம் உப்பினா மொகம் கெட்டுப்போகுது, பாட வாம்மான்னு
மேனேஜர் கூப்பிட்டாராம்.
அன்னைக்கே பின்வரிசைக்கு நாற்காலியைத் தூக்கிப் போட்டுக்கிட்டாங்களாம்.
மெட்ராசுல சினிமாவுக்கு.
கிளப் டான்ஸ் பாட்டு.
எட்டு மணி நேரம் காத்திருந்தா பதினோரு செகண்டு.
உறையில பேரு வராது, கவர்ல பணம் வரும்.
புருசன் மெல்போர்னுக்குப் போயி டிக்கெட் அனுப்பினார்.
அந்தக் குளிர்ல உதடு வெடிச்சிரும்னு
திருப்பி அனுப்பிட்டாங்க.
இப்ப மாசம் ஒண்ணு ரெண்டு அடக்கத்துக்கு ஊதறாங்க.
"செத்தவங்க எந்திரிச்சு ஆட மாட்டேங்கறாங்க, அதான் போர்."

ஜாஸுன்னா என்னங்கன்னு கேட்டேன்.
"எழுதினதை ஊதினா சம்பளம்.
எழுதாததை ஊதினா ஜாஸ்.
ரெண்டும் ஒரே ராத்திரி கெடைச்சது
பத்துத் தடவை இருக்கும்."

பிஸ்டனை மாட்டினேன். வழுக்கிட்டு இறங்குச்சு.
"பொறுங்க, உங்க மோட்டார் ஜி-க்கு ஒரு நூல் மேல பாடுது."
மோட்டார் எங்கீங்க பாடும்னு சிரிச்சேன்.
ஆறு மணிக்கு ஊரே விளக்குப் போட்டுச்சு,
லோடு ஏறுச்சு, மோட்டார் சத்தம் தொங்குச்சு.
"இப்ப சரி."
ஊதினாங்க.
டிரேயில கெடந்த பித்தளைச் சுருளெல்லாம் நடுங்குச்சு.
கரண்டு போச்சு, மோட்டார் நின்னுச்சு.
இருட்டுல அவங்க நிக்கலீங்க.
பக்கத்து ஃபவுண்டரி ஆளுங்க கையில கரியோட
வாசல்ல நின்னதை
கரண்டு வந்த பொறகுதான் பாத்தேன்.

பில்லுல "பம்பு உதிரி, ஒண்ணு"ன்னு எழுதினேன்.

மூணு வாரம் கழிச்சுத் திரும்ப வந்தாங்க.
"ஒழுகறதுக்கும் சேத்து ஊதிப் பழகின உதடு இது.
இப்ப எல்லா நோட்டும் தாண்டிப் போகுது.
அந்தப் பழசைக் கொடுத்துருங்க."

பழசை எடைக்குப் போட்டுட்டேன்.
உருக்கி இம்பெல்லர் ஆகியிருக்கும்.
காங்கயத்துலயோ கோபியிலயோ
ஏதோ ஒரு கெணத்துல எறங்கி
மஞ்சளுக்குத் தண்ணி எறைக்கும் இந்நேரம்னு
தலையைச் சொறிஞ்சேன்.

அவங்க வெசனப்படலீங்க.
"எந்தக் கெணறுன்னு தெரிஞ்சா சொல்லுங்க."
பெட்டியை எடுத்துக்கிட்டாங்க.
அப்பறம் வரல.

போன வாரம் உக்கடத்துல பொள்ளாச்சி பஸ்ஸு.
பழைய பாட்டு, யாரோ ஒருத்தி கிளப்புல ஆடற பாட்டு,
நடுவுல ட்ரம்பெட்டு.
வெரல் மடக்கி எண்ணினேன்.
ஏழாவது செகண்டுல
குரலுக்கு அடியில மெல்லிசா ஒரு ஸ்ஸ்.
நடு வால்வு.
நான் அடைச்ச காத்து.

டிரைவர் ஹாரன் அடிச்சதுல
மீதி நாலு செகண்டு கேக்கலீங்க.