சைடு விங்

வேலூர் ஆஸ்பத்திரி, மூன்றாம் கவுண்ட்டர்.
காலை ஏழுக்கே ஜன்னல் கம்பி சுடுகிற மே மாதம்.
டோக்கன் இருநூற்றுப் பதினாலு.
பெயர் கேட்டேன்.

‘ராஜாம்பிகை’ என்றாள்.
சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள்,
கைதட்டலுக்கு விடுகிற இடைவெளி.
மின்விசிறி மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

ரேஷன் கார்டில் பூங்காவனம் என்றிருந்தது,
குடியாத்தம், பீடிக்காரர் சந்து.
வயது?
யோசித்தாள்.
பின்னால் தூணோடு தூணாக நின்ற ஒல்லிக் கிழவர்
உதடு அசையாமல் ‘எழுபத்தெட்டு’ என்றார்.
‘எழுபத்தெட்டு’ என்றாள்,
அப்போதுதான் நினைவு வந்த அழகோடு.

என்ன தொந்தரவு?
இருமிக் காட்டினாள்.
நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

முகம் மாறியிருக்கலாம்; அந்த இருமல் மாறவில்லை.
லத்தேரி டூரிங் கொட்டகையில், மணல் குவித்து
நான் உட்கார்ந்திருந்த இரவுகளில்
அவள் இருமினால் இடைவேளை தாண்டிவிட்டது என்று அர்த்தம்.
மூன்றாவது இருமலில் முந்தானையில் சிவப்பு.
அவள் செத்ததும் ஆண்கள் சோடாவுக்கு எழுந்து போவார்கள்.
என் அம்மா மூக்கை உறிஞ்சி
என் தலைமயிரில் துடைப்பாள்.

கேட்டேன். கேட்கக்கூடாது, பின்னால் வரிசை இருந்தது.
சொன்னாள்.

ஆரணியில் ஒரு மாசி இரவு.
ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.
ராணியாக நின்று ராணி வசனம் பேசினாள்,
இரண்டடி நகர்ந்து நின்று ராஜாவுக்கும் பேசினாள்,
தன்னையே நாடு கடத்திக்கொண்டாள்.
‘ஜனங்க ஒன்ஸ்மோர் கேட்டாங்க சார்,
இன்னொரு தபா காட்டுக்குப் போனேன்.’

அதைப் பார்த்த யாரோ கோடம்பாக்கத்துக்குக் கூட்டிப்போனார்கள்.
எந்த ஊர் என்றாராம் டைரக்டர். வேலூர்ப் பக்கம் என்றாள்.
அவருக்கு அந்தப் பழைய கேலி நினைவு வந்தது:
ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்,
தண்ணி இல்லாத ஆறு,
அழகில்லாத பொண்ணு.
ஃப்ளோரே சிரித்தது. லைட்பாய் கூட.

‘தண்ணி இல்லன்னாலும்
அத ஆறுன்னுதான சொல்றீங்க?’

சிரிப்பு நின்ற இடத்தில் கதாநாயகி வாய்ப்பும் நின்றது.
இருபத்தாறு வயதில் தலையில் பவுடர் கொட்டி
நாற்பத்தொரு வயது நாயகனுக்கு
அம்மா ஆக்கினார்கள்.
‘டேய் கண்ணு’ என்று கூப்பிடவேண்டும்.
அவருக்கு விக்கின் ஓரம் அரித்துக்கொண்டிருந்தது.

கோட்டைக் கோயிலுக்குச் சாமி திரும்பிவந்த வருஷம்
அவளுக்குப் படம் வருவது நின்றது.

முன்பு வந்த நோய்கள்?
‘காசம் பதினோரு தடவ. மாரடைப்பு எண்ணல.
குடிசையோட எரிஞ்சது ரெண்டு.
மவனுக்கு வெச்ச குண்டு நாலு.
எல்லாம் குணமாயிடுச்சி.’
கண் சிமிட்டினாள். நான் ‘இல்லை’ என்று எழுதினேன்.

எந்தத் தெரு? எத்தனை மாடி? காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?
ஒவ்வொன்றுக்கும் தூணிலிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது.
அவள் அதை வாங்கி, ஏற்றி இறக்கி,
சொந்தமாகச் சொன்னாள்.
ஆரணி இரவு மட்டும் யாரும் எடுத்துக்கொடுக்காமல் வந்தது.
நாலாவது கேள்வியில்தான் எனக்குப் பொறி தட்டியது.

‘இருமலுக்குத்தானே?’
‘இல்லைங்க.’ கிழவர் முதல் தடவை சத்தமாகப் பேசினார்.
சீட்டை நீட்டினார். நரம்பியல் பிரிவு.
‘மறதிக்கு.’

உடன் வந்தவர் பெயர்: கன்னியப்பன்.
உறவு?

அதற்கு மட்டும் அவர் எடுத்துக்கொடுக்கவில்லை.
தரையைப் பார்த்தார்.
பையின் காது அறுந்த இடத்தைத் திருகினார்.
வரிசையில் ஒரு குழந்தை அழுதது.
அவள் திரும்பி அவரைப் பார்த்தாள், வெகுநேரம்,
யாரென்று கேட்டுவிடுவாளோ என்று நான் பயந்தேன்.

‘சைடு விங்’ என்றாள்.

கம்ப்யூட்டரில் கணவர், மகன், சகோதரர் உண்டு,
கடைசியில் ‘மற்றவை’ உண்டு.
மற்றவையை அழுத்தினேன்.
பிரின்ட் வந்ததும் அதை அடித்துவிட்டு
அவள் சொன்னதைப் பேனாவால் எழுதிக்கொடுத்தேன்.

இருநூற்றுப் பதினைந்து.