டபிள்யூ அழுத்தும் வரை

தொண்ணூறடிச் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர்.
பென்டிரைவைப் பாலித்தீன் உறையில் சுற்றிப்
பல்லில் கவ்விக்கொண்டு
தாராவி மாடிப் பட்டறைக்கு இரும்பு ஏணி ஏறினேன்.

ஏழு தையல் மெஷின்.
நான்கில் சாக்கட்டியால் அ, மூன்றில் ஞா.
மிச்சம் இருப்பது கம்ப்யூட்டர்.
"இதை ரெண்டாப் பிரிக்கணும்" என்றார் அருள்தாஸ்.
வெட்டவா என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து கொட்டியதும்
ஞானதாஸ் பின்வாங்கினான்: "கெட்டுப்போச்சா?"
இல்லை. இதுதான் இதன் சொந்த முகம்.
படம் இல்லை, மவுஸ் இல்லை.
சொன்னதைச் செய்யும்,
தப்பாய்ச் சொன்னாலும்.

எஸ்டிஏ உங்கள் டிஸ்க், எஸ்டிபி என் பென்டிரைவ்.
ஓர் எழுத்து மாறினால் பதினோரு வருஷ ரசீது
தண்ணீரோடு போய்விடும்.
இருமுறை வாய்விட்டு வாசித்தேன்.

அட்டையில் ஐந்நூறு.
திரையில் நானூற்று அறுபத்தைந்து.
"முப்பத்தஞ்சு எங்கே?"
கேள்வி என்னிடம், பார்வை தம்பியிடம்.
தம்பியின் பார்வை அண்ணனிடம்.
விற்கிறவன் ஆயிரமாய் எண்ணுகிறான்,
இது ஆயிரத்து இருபத்துநாலாய் எண்ணுகிறது என்றேன்.
"வாலு, காலு, ஓட்டை எல்லாம் சேத்துச்
சதுர அடி போடுவானே தோல்காரன், அது மாதிரியா?"
"ஆமா, அந்தக் கணக்குதான்" என்றான் தம்பி.
அன்று காலையிலிருந்து
அவர்கள் ஒத்துக்கொண்ட முதல் விஷயம்.

முதலில் நகல்.
பில், பை அளவுகள், ஒரு வங்கிக் கடிதம்,
அண்ணன் கல்யாண வீடியோ முப்பத்தெட்டு ஜிபி.
அது யாருக்கு?
ரெண்டு பேருக்கும், முழுசாக.
தையல் மெஷினுக்கு இந்த வசதி கிடையாது.
"எனக்கு வேண்டாம்" என்றான் ஞானதாஸ்.
கொஞ்சம் கழித்து,
"நான் ஆடுற இடம் மட்டும்."

எஃப்டிஸ்க்.
துவக்கத்துக்கு ஒன்று, சிஸ்டத்துக்கு அறுபது,
ஸ்வாப் எட்டு. அது நடைபாதை, பொதுவில் கிடக்கட்டும்.
மீதி நூற்றுத் தொண்ணூற்றெட்டு,
நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
அண்ணன் கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்தார்.

விரலை எடுத்துக்கொண்டேன்.
இதுவரை அடித்ததெல்லாம் வெறும் பேச்சு,
டிஸ்கில் ஒரு கீறல்கூட விழவில்லை.
டபிள்யூ அழுத்தினால் எழுதிவிடும்.
க்யூ அழுத்தினால்
நான் இங்கே வந்ததே இல்லை.

கீழே யாரோ வாளியால் மொண்டு மொண்டு
வாசலுக்கு வெளியே ஊற்றும் சத்தம்.
"க்யூ எங்கம்மா இருக்கு?"
மேல் வரிசை, இடது ஓரம். காட்டினேன்.
டபிள்யூ அதற்கு அடுத்த வீடு.
சாயம் ஏறிய அவர் நகம்
இரண்டுக்கும் நடுவே நின்றது.
நின்றது.
தம்பி எட்டி அழுத்தினான்.

அட்டவணை மாறியது என்று ஒரு வரி.
அவ்வளவுதான்.

சிஸ்டம் ஏற நாற்பது நிமிடம்.
யாரோ மூன்று டீ சொல்லியிருந்தார்கள்,
யார் காசு கொடுத்தது என்று நான் பார்க்கவில்லை.
மெஷினுக்கு ஒரு பெயர் கேட்டது.
ஒன்றுதான் வைக்க முடியும்.
இருவரும் டம்ளருக்குள் பார்த்தார்கள்.
பட்டறை என்று நானே அடித்தேன்.

பிறகு பாஸ்வேர்டு.
ஒருவர் அடிக்க மற்றவர் சுவரைப் பார்த்தார்.
"அடிக்கிறேன், ஒண்ணும் விழலையே?"
விழுகிறது. காட்டாது.

ரூட்டுக்கு மூன்றாவது ஒன்று வேண்டும்.
அதை வைத்திருப்பவர் எந்தப் பாகத்தையும் திறக்கலாம்,
அழிக்கலாம் என்றேன்.
"உன்கிட்டயே இருக்கட்டும்."
இரண்டு குரல், ஒரே நேரத்தில்.

எங்கும் எழுதிவைக்கவில்லை.
ஏணியில் இறங்கும்போது
மறக்காமலிருக்க ஒருமுறை வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.
கடைசிப் படிக்கு மேலேயே தண்ணீர் நின்றது.