இருநூற்றுப் பதினான்காம் எண்

டுலூத் நகரில், ஏரி உறைந்துகிடந்த சனிக்கிழமை,
செத்துப்போன ஆர்டிஸ் ஹால்வர்சன் வீட்டுச் சாமான்களைக்
கூவிக் கூவி விற்றார்கள்.
இருநூற்றுப் பதினான்கு:
பிஸ்கட் டப்பா நிறையப் பொத்தான்கள்.
எனக்கு வேண்டியது டப்பாதான்,
ஆணி போட்டுவைக்க.
பதினொரு டாலர். போட்டிக்கு ஆளில்லை.

இரவு சமையல் மேசையில் கொட்டினேன்.
எலும்பு, பித்தளை, கிளிஞ்சல்.
பச்சைத் துணி போர்த்திய ஒன்று மட்டும்
உள்ளங்கையில் வெகுநேரம் வைத்தும்
சூடேறவில்லை.
தையலைப் பிரித்தேன்.
ஊதினால், படிந்த வேகத்தில் விலகியது மூச்சு.
விளக்கடியில் திராட்சை ரசம்.
விடிந்ததும் ஜன்னலோரம் பாசிப்பச்சை.
ஒரே கல்தான்;
இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

மகளுக்குப் போன் போட்டேன்.
"உங்கள் அம்மாவிடம் பச்சைக் கோட்டு இருந்ததா?"

"இருந்தது. அப்பா குடித்துவிட்டு வரும் நாளில்
அதைப் போட்டுக்கொண்டே தூங்குவாள்.
மூன்றாவது பொத்தானை மட்டும்
வருஷாவருஷம் மறுபடி தைப்பாள்,
அறுந்திருக்காது, ஆனாலும்.
ஏன் கேட்கிறீர்கள்?"

ரிசீவரைக் காதில் இடுக்கியபடி
கல்லைப் பகலுக்கும் விளக்குக்குமாகத்
திருப்பிக்கொண்டிருந்தேன்.

ஆணிகள் இன்னும்
காகிதப் பையில்தான் கிடக்கின்றன.