பத்தொன்பது நிமிஷம்

ரிச்சி தெரு, இரண்டாவது மாடி.
படிக்கட்டிலேயே பாதிக் கடை: அட்டைப்பெட்டிகள்,
ஒயர் சுருள்கள், யாரோ விட்டுப்போன ஹெல்மெட்.
மே மாசம். டெஸ்ட் மெஷினுக்குப் பக்கவாட்டு மூடியே போடுவதில்லை.

பெனினா ஒரு பென் டிரைவோடு வந்தாள்.
"பந்தயக் கார், வெடிக்கிற லாரி எல்லாம் வேண்டாம்.
என் வேலையை ஓட்டிக் காட்டுங்க."

அவள் வேலை, இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததாகக் காட்டுவது.
பெரும்பாக்கத்தில் பதினான்கு மாடி,
பால்கனிக்கு பால்கனி அதே துளசிச் செடி,
கீழே வியர்க்காத ஒரு குடும்பம்,
எந்நேரமும் சாயங்காலம் ஐந்தரை மணி.

முதல் கார்டு புதுசு.
சீலை உடைத்தபோது ஜாபர் பாய்
பிள்ளைக்குக் காது குத்துவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
இரண்டாவது, வில்லிவாக்கத்தில் மூடிப்போன
கேமிங் சென்டரிலிருந்து எடைக்கு எடை வந்தது.
விசிறியில் சிகரெட் வாசம். பிரஷ்ஷால் தட்டினால்
ஒரு சுருட்டை முடி.
உள்ளே பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது.
வழித்துவிட்டுப் பட்டாணி அளவு புதுசு வைத்தேன்.

புதுசு: பதினோரு நிமிஷம், அறுபத்தெட்டு டிகிரி.
சத்தமே இல்லை.
ஓடுகிறதா என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தோம்.

பழசு: பத்தொன்பது. எண்பத்து மூன்று.
மாவு மில்போல ஆரம்பித்து
ஏழாவது நிமிஷத்தில் சன்னமாக விசிலடித்து
இரைக்க இரைக்க அதே பதினான்கு மாடியைச்
சுமந்துவந்து இறக்கியது.

இரண்டு படத்தையும் அருகருகே போட்டு
ஜன்னல் கம்பி உலக்கையாகும்வரை பெரிதாக்கினாள்.
ஒரு புள்ளிகூட மாறவில்லை.
கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது அவள் முகம்.

"எட்டு நிமிஷத்துக்கு முப்பத்தோராயிரமா?"

எட்டு நிமிஷத்தில் ஒரு டீ குடிக்கலாம்.
சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் ஏறினால்
லைட்ஹவுஸ் வந்துவிடும்.
ஆனால் அது ஒரு படத்துக்கு.
ஒரு நிமிஷ வீடியோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு படம்.
பில் போடும் கால்குலேட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்:
எட்டு நாள், எட்டு மணி நேரம்.
"அதுக்குள்ள பில்டர் வேற ஆளைப் பார்த்துடுவான்."
மூன்று தவணை. புது கார்டை மடியில் வைத்துத்தான்
ரயிலில் போவேன் என்றாள்.

ராத்திரி, அவள் ஃபைல் மெஷினிலேயே கிடந்தது.
அழிக்கத்தான் திறந்தேன்.
அடுக்கு அடுக்காகப் பெயர்கள்: சுவர், கண்ணாடி, குடும்பம்_2, புல்.
கடைசியில், கண் மூடிய ஓர் அடுக்கு:
ஏரி_பழசு.

கண்ணைத் திறந்தேன்.
லிஃப்ட் வாசல்வரை தண்ணீர்.
கோரைப்புல், இரண்டு நாமக்கோழி,
கொம்பு மட்டும் தெரிய ஓர் எருமை.
அடுக்கு அடுக்காக மூட ஆரம்பிக்கும் முன்னால்
இடம் எப்படி இருந்ததோ, அப்படியே செய்துபார்த்திருக்கிறாள்.
எருமையின் முதுகில் காய்ந்த சேறுகூட இருக்கிறது.
யார் கேட்டார்கள் இதை?

பழைய கார்டு ஸ்லாட்டில்தான் இருந்தது. ஓட்டினேன்.

தண்ணீர்தான் இதில் கனமான வேலை.
ஒவ்வொரு அலையும் வானத்தை ஒரு தரம் கேட்கும்,
பதினான்கு மாடியை ஒரு தரம்,
கோரையை, பிறகு பக்கத்து அலையை.
எண்பத்தாறு. எண்பத்தொன்பது.
படம் மேலிருந்து கட்டம் கட்டமாக இறங்கியது.
பத்தே முக்காலுக்கு வாட்ச்மேன் ஷட்டரைத் தட்டினபோது
நான்காவது மாடிக்குத்தான் வந்திருந்தது.
தண்ணீருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

பழைய கார்டுக்கு ஸ்டிக்கர் எழுதி மேஜையில் ஒட்டினேன்:
டெஸ்ட் ஆனது. 19 நிமிஷம்.
ஏரி இல்லாமல் என்று எழுத அதில் இடமில்லை.

மானிட்டரை மட்டும் அணைத்தேன்.
கரண்ட் பில்லுக்கு ஜாபர் பாய் கத்துவார், கத்தட்டும்.
முதல் மாடி திரும்பும்வரை
அந்த விசில் கேட்டுக்கொண்டிருந்தது.