இடப்பக்கத்துத் தரை

நாஹாவில், சலவைக் கடைக்கு மேல்மாடியில்,
வாரம் மூன்று இரவு.
டெப்போவில் பஸ் சாவியை ஒப்படைத்துவிட்டு
நேராக இங்கே வருகிறேன்.
சீருடையைக் கழற்றி வெள்ளை உடைக்குள் புகும்போது
முழங்காலில் இன்னும் கிளட்சின் நடுக்கம்.

முதலில் எப்போதும் சான்சின்.
மூன்றடி முன்னே, திரும்பு, மறுபடி.
கால்விரல்கள் பலகையைக் கவ்வ வேண்டும்.
மூச்சு அடிவயிறுவரை இறங்கி
ஆட்டுக்கல்போல் கரகரத்து வெளியேற வேண்டும்.
பதினொரு வருடமாகச் செய்கிறேன்.
பதினொரு வருடமும் இடது தோள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.
பின்னாலிருந்து யாராவது உள்ளங்கையால் அறைவார்கள்:
இறக்கு, ஃபுமியே.
இறக்குவேன். ஏறிவிடும்.

அப்புறம் மரப்பிடி குத்திய கல்,
மணல் நிரப்பிய ஜாடிகள்.
வாய் விளிம்பை விரல்நுனியால் பற்றித் தூக்கி
சுவரிலிருந்து சுவர்வரை நடக்க வேண்டும்.
கீழே சலவை இயந்திரங்கள் சுழல
ஜாடிக்குள் மணலும் லேசாக முனகும்.

முன்கையோடு முன்கை மோதிப் பழக
எனக்கு எப்போதும் யோனாமினே தெட்சுஜிதான்.
அவனும் பஸ் ஓட்டுகிறான், வடக்குத் தடத்தில்.
எங்கள் இருவர் கையிலும் ஒரே இடத்தில் காய்ப்பு.
பேசிக்கொண்டது குறைவு.
அவன் எந்தக் காலில் எடை வைப்பான்,
எப்போது பொய்யாக மூச்சிழுப்பான்,
எல்லாம் தெரியும். மனைவி பெயர் தெரியாது.

ஜூன் மழையில் ஓர் இரவு
என் வலக்கைக் குத்து அவன் இடது விலாவில் விழுந்தது.
விழக்கூடாத குத்து.
நான் அவ்வளவு வேகமில்லை.
மறுவாரமும் விழுந்தது.
தேறிவிட்டாய் என்றார்கள்.
சொல்ல வெட்கம்தான்:
இரண்டு வாரம் நானும் நம்பினேன்.

வியாழன் ஆயுத நாள்.
சாய், தொன்ஃபா, அரிவாள் எல்லாம் சுவரில் தொங்கும்.
அவனுக்கு நீள்கம்பு, எனக்குத் துடுப்பு.
கடற்கரைச் சண்டைக்கான முறை இது:
துடுப்பின் நுனியால் மணலை வாரி
எதிராளி கண்ணில் இறைக்க வேண்டும்.
இங்கே மரத்தரை. மணல் கிடையாது.
இல்லாத மணலை இறைக்கிறேன்;
இல்லாத மணலுக்கு அவன் முகம் திருப்ப வேண்டும்.

வலக்கண் பக்கம் இறைத்தேன். திரும்பினான்.
இடக்கண் பக்கம் இறைத்தேன்.
நின்றான்.
துடுப்பு போன வேகத்திலேயே போய்
அவன் இடது இமைக்கு ஒரு விரல் முன்னால்
எப்படியோ நின்றது.
அவன் சிமிட்டவில்லை.

என்ன நிதானம், என்றான்
பின்வரிசைப் பையன் ஒருவன்.
இரண்டு பேர் கைதட்டினார்கள்.
எனக்கு அடிவயிற்றில் இருந்த மூச்சு
எங்கே போனதென்று தெரியவில்லை.

கடைசியில் தரை துடைப்பது வழக்கம்.
ஈரத்துணியில் கைகளை ஊன்றி, குனிந்து,
பக்கத்துப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போனோம்.
அவன் போன வழியில், இடப்பக்கம்,
ஒரு சாண் அகலத்துக்குப் பலகை உலர்ந்தே கிடந்தது.
அதை நான் துடைத்தேன்.

"எப்போதிலிருந்து தெரியும்?"
"ஜூனிலிருந்து."
"எனக்கு ஏப்ரலிலிருந்து."
துணியைப் பிழிந்தான். சொட்டு நின்ற பிறகும் பிழிந்தான்.
"இன்னும் மூன்று வருடம்தான் ஓய்வுக்கு."
"நாளை உனக்கு எத்தனை மணி வண்டி?"
"ஐந்து நாற்பது."

இந்தத் தீவில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன.
நிறுத்தங்கள் இடப்பக்கம்.
மஞ்சள் தொப்பிப் பிள்ளைகள்
வரிசை கலைந்து எட்டிப் பார்ப்பதும்
இடப்பக்கம்தான்.
அவனுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?"

எழுந்தான்.
சண்டை முடிந்து வணங்கும் வணக்கம் வேறு,
தொடங்கும் முன் வணங்குவது வேறு.
அதில் கண்ணை எதிராளிமேலேயே வைத்திருப்போம்.
அந்த வணக்கத்தை வைத்தான்,
ஒரு கண்ணால்.

நானும் வணங்கினேன்.
இடது தோள் ஏறியிருந்தது.
அறைந்து இறக்க
பின்னால் யாரும் இல்லை.