கொடை, கோடை

'முன்னிருப்பு' என்ற சொல்லுக்கே
ஒரு மாதம் சண்டை போட்டவர்கள் நாங்கள்.
'இயல்பிருப்பு' கட்சிக்காரர் இரண்டு பேர்
இன்னமும் என்னோடு பேசுவதில்லை.

அதனால், பிழைதிருத்தி
தானாகத் திருத்துவதா, கேட்டுத் திருத்துவதா
என்று வந்தபோது வாக்கெடுப்பு வைத்தேன்.
தானாக: அறுபத்தொன்று.
கேட்டு: ஒன்பது.
பிடிக்காதவர்கள் அமைப்புக்குள் போய்
அணைத்துக்கொள்ளட்டுமே என்றார் டொரொண்டோக்காரர்.
நியாயம்தான். ஒரே ஒரு சொடுக்கு.
பாளையங்கோட்டை மாடியறையில்
மின்விசிறி கிறீச்சிட, இரவு இரண்டு மணிக்குப்
புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டுத் தூங்கினேன்.

வாரிசுச் சான்றிதழுக்காக ஒரு திங்கட்கிழமை
கொக்கிரகுளம் போயிருந்தேன்.
ஆட்சியர் அலுவலக வாசலுக்கு வெளியே
மடிக்கணினி, அச்சுப்பொறி, ஒரு கார் பேட்டரி வைத்து
மனு அடித்துக்கொடுக்கும் முப்பிடாதி.
திரையில் ஓடுவது எங்கள் மென்பொருள்.
பெருமையில் வரிசையை விட்டு நகர்ந்து நின்றேன்.

சுடலைமாடன் கோயில் கொடைக்கு
ஒலிபெருக்கி அனுமதி கேட்டு வந்திருந்தார் ஒருவர்.
'கொ' அடித்தாள். இடம் விட்டாள்.
'டைக்கு' அடித்தாள்.
அம்புக்குறியில் திரும்பி வந்து
இடைவெளியைத் தின்றாள்.
திசையன்விளைக்கும் அதே வித்தை.

"சேத்து அடிச்சா கோடைன்னு ஆக்கிருதுல்லா.
கோடைக்கு எதுக்குவே மைக்குன்னு
போன வாரம் மனுவத் திருப்பிட்டாவ."

செய்தித்தாள்களில் திரட்டிய எங்கள் சொற்குவியலில்
கோடைதான் அதிகம்.

அமைப்புக்குள் போய் அணைக்கலாமே என்றேன்.
"அதுக்குள்ள நான் போறதில்ல சார்.
ஒண்ணத் தொட்டு ஒண்ணு போச்சுன்னா
இன்னைக்குப் பொழப்பு?"
பக்கத்துக்கு இருபது ரூபாய்.

எழுபது பேரிடம் கருத்துக் கேட்டிருந்தேன்.
எழுபது பேருக்கும் அந்தக் கதவு
எங்கே இருக்கிறதென்று தெரியும்.
நான் எதை வைத்துவிட்டுப் போனாலும்
அதிலேயே குடியிருக்கப் போகிறவளுக்கு
வாக்கெடுப்பு நடந்ததே தெரியாது.

மாற்றினேன். அடியில் சிவப்புக் கோடு மட்டும்;
சொல்லில் கை வைக்காது.
"அப்புறம் எங்களை எதற்குக் கேட்டீர்?" என்றார்.
அதற்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை.
நிரலைப் பிரதியெடுத்துக்கொண்டு
பழைய இருப்போடு தனியே போனார்.
போகலாம் என்று உரிமத்தில் எழுதிவைத்தவனும்
நான்தான்.

ஆவணியில் மறுபடி கொக்கிரகுளம்.
நானே நிறுவிக் கொடுத்தேன்.
இனிமேல் சேர்த்தே அடிக்கலாம் என்றேன்.
சரி சார் என்றாள்.

'கொ' அடித்தாள்.
இடம் விட்டாள்.