காம்பியோ

புந்தா அரேனாஸில் காற்று முற்றும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
மேலே எனக்குக் கயிறு கிடையாது. ரோசமெலின் குரல் உண்டு.

அறுபது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு.
கட்டடத்தின் முதுகுக்குப் பின்னால்
கொக்கி எதன்மேல் இறங்குகிறது என்பது
அவனுக்குத்தான் தெரியும்.
"ஒத்திலியா, இறக்கு. மூன்று மீட்டர். இரண்டு. ஒன்று.
அரை. நில். காம்பியோ."

காம்பியோ என்றால் மாற்று.
நான் முடித்தேன், இனி வாய் உன்னுடையது.
வீட்டிலும் வந்துவிடுகிறது அந்தச் சொல்:
உப்பை எடு, காம்பியோ.
முதலில் சிரித்தவர்கள்
இப்போது உப்பை மட்டும் நகர்த்துகிறார்கள்.

இரண்டு வருடத்தில் அவன் முகத்தை
பத்துத் தடவை பார்த்திருந்தால் அதிகம்.
ஆனால் சளி பிடிக்கப்போவது
அவனுக்கு முன்பே எனக்குத் தெரியும்.

அன்று செவ்வாய்க்கிழமை.
இரண்டு டன் கான்கிரீட் வாளி தொங்கிக்கொண்டிருக்க
"இரண்டு" என்றான்.
"ஒன்று" வரவில்லை.
வந்தது வேறு குரல்:
"முப்பத்தொன்று... முப்பத்திரண்டு..."

ஐந்தாம் தளத்தில் கம்பி கட்டும் செஃபெரினோ.
மார்பில் மாட்டிய வாக்கிடாக்கியின் பொத்தான்
வார்ப்பட்டையில் சிக்கி, அமுங்கியபடியே கிடந்திருக்கிறது.
ஒருவன் அழுத்தியிருக்கும்வரை மற்றவர்கள் ஊமை.
அவன் தனக்குச் சொல்லிக்கொள்வது
இருபத்திரண்டு பேர் காதிலும்.

குரல் போனால் கை நிற்க வேண்டும், அதுதான் விதி.
நெம்புகோலிலிருந்து கையை எடுத்தேன்.
வாளி தெரியவில்லை; வடத்தின் நடுக்கம் தெரிந்தது.
காற்றுமானி நாற்பத்தொன்று. நாற்பத்து நான்கு.
சாரத்துப் படிகளில் யாரோ ஓடி ஏறுவது
எறும்பளவுக்குத் தெரிந்தது.

"முப்பத்தேழு."
மூச்சு வாங்கினான். எண்ணிக்கையை விட்டுவிட்டு
"எலியானா" என்றான்.
"எலியானா மன்சீயா."
வாயில் போட்டு உருட்டிப் பார்த்தான். பிடிக்கவில்லை போல.
"ரோசாவுரா.
ரோசாவுரா, இங்கே வா. ரோசாவுரா, காலுறை எங்கே?"
அதட்டினால் சரியாக வருகிறதா என்று.

அவன் மனைவி உண்டாகியிருப்பது
எங்களில் ஒருவருக்கும் தெரியாது.
"இந்தத் தடவை தங்கிவிடு" என்றான்,
இடுக்கி கம்பியை முறுக்கும் சத்தத்துக்கு அடியில்.
முந்தைய தடவையும் எங்களுக்குத் தெரியாது.
"முப்பத்தெட்டு."

ஒரு க்ளிக். பிறகு ஒன்றுமில்லை.
இப்போது யாரும் பேசலாம்.
யாரும் அழுத்தவில்லை.

கடைசியில் ரோசமெல் தொண்டையைச் செருமினான்.
"ஒத்திலியா, எங்கே விட்டோம்?"
"இரண்டில்."
"ஒன்று. மெதுவாக. அரை.
இன்னும் மெதுவாக."
வாளிக்குள் ஏதோ தூங்குவதுபோல இறக்கினோம்.
காம்பியோ சொல்ல மறந்துவிட்டான்.

மாலையில் பெட்டிகளைச் சார்ஜரில் செருகும் இடத்தில்
செஃபெரினோ பதினேழாம் எண்ணை நீட்டினான்.
"என்னுடையது மாட்டிக்கொண்டதாமே. ஏதாவது கேட்டதா?"
கிடங்குக்காரி பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.
"இரைச்சல்" என்றாள்.
"வெறும் இரைச்சல்" என்றான் ரோசமெல்.
நானும் தலையாட்டினேன்.

பேருந்துக்கு நிற்கும்போது, அருகில் யாருமில்லை,
ரோசாவுரா என்று சொல்லிப் பார்த்தேன்.
நல்ல பெயர்தான்.
அதட்டவும் வருகிறது.